கப்பல் போன பின் எஞ்சும் கை: மானிப்பாயில் சாமுவேல் கிறீனின் தமிழ்வழி மருத்துவப் பயிற்சி

1. கேள்வி

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் ஷிப்ட் முடியும் வேளையில் நின்றால், வரிசையாக வந்து நிற்கும் கம்பெனி பஸ்களிலிருந்து தமிழோடு ஒடியாவும் இந்தியும் வங்காளமும் அசாமியமும் இறங்கும். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், இங்குள்ள சிறிய கிளினிக் ஒன்றில் நான் காத்திருந்தபோது ஓர் இளைஞனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இடக்கையைச் சுற்றிய துண்டில் ரத்தம் ஊறியிருந்தது. கூட வந்தவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐஸ் கட்டிகள், அவற்றின் நடுவே அறுபட்ட விரல். டாக்டர் பையை வாங்கிப் பார்த்ததும், "ஐஸ்ல நேரா போடக்கூடாதுப்பா, ஈரத்துணியில சுத்தி வேற கவர்ல போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வைக்கணும்" என்றார். சொன்னது வந்தவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. "தம்பி, எத்தனை மணிக்கு அடிபட்டுச்சு?" என்ற கேள்வியும் இந்தி தெரிந்த ஒருவர் வரும்வரை பதிலில்லாமல் நின்றது. பிறகு ஆம்புலன்ஸ் வந்து சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போனது.

அந்த மாலையில் குறைவாக இருந்தது எது? அறுவை மருத்துவர் இல்லாத நாடல்ல இது. மருத்துவர் ஆர். வெங்கடசாமி சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு, ஆலைகளில் நசுங்கிய கைகளைச் சீராக்குவதில் நாடறிந்தது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் திறமை, விரலை முதலில் கையில் எடுத்தவனிடம் வந்து சேரவில்லை. நேராக ஐஸில் பட்ட சதை உறைந்து கெட்டுவிடும், பிறகு அதை ஒட்டவைப்பது கடினம் என்ற சிறிய அறிவு அவனுக்குத் தெரிந்த மொழியில் அவனை எட்டியிருக்கவில்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி அங்கிருந்து எழுகிறது. தொலைவிலிருந்து வரும் அறுவை மருத்துவர் ஓர் ஊருக்குத் தொண்டாற்றிவிட்டுத் திரும்பும்போது அங்கே எது எஞ்ச வேண்டும்? சிறு தீவு நாடுகளின் மருத்துவம் குறித்து உலகம் இன்று கேட்கும் கேள்வி இதுவே. தமிழ் மண்ணில் 175 ஆண்டுகளுக்கு முன்பே இது கேட்கப்பட்டு, விடை தேடும் முயற்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் செய்த பணியைச் சான்றாகக் கொண்டு, அதன் வெற்றியையும் முறிவையும் இங்கே எடைபோட முயல்கிறேன்.

2. இதுவரையான புரிதல்

உலக அறுவை சிகிச்சை நிலை குறித்து லான்செட் ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்க மருத்துவமும் கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர். ஆண்டுக்கு மேலும் 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் தேவை என்றும் அது கணக்கிட்டது. ஒரு மருத்துவமனையின் தகுதியை அளக்க அது எடுத்துக்கொண்டவை மூன்று: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை, எலும்பு முறிந்து தோலைக் கிழித்த காயத்துக்கான சிகிச்சை. இம்மூன்றையும் செய்யக்கூடிய இடம் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கடலால் பிரிந்து கிடக்கும் தீவுகளுக்கு இந்த இரண்டு மணி நேரமே பெரும் சவால். சில ஆயிரம் பேர் வாழும் தீவில் எல்லாத் துறை நிபுணர்களையும் வைத்திருக்கவும் இயலாது. ஆகவே வெளியிலிருந்து குழுக்கள் வந்து போகும் முறை அங்கே நிலைத்தது.

இம்முறை பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன. வந்து போகும் குழு பார்வை கொடுக்கிறது, பிளவுண்ட உதட்டைத் தைக்கிறது, ஓர் உயிரைக் காக்கிறது, அதுவே போதும் என்பது ஒன்று. அந்த நோயாளியின் இடத்தில் நின்று பார்த்தால் இதை எளிதில் மறுக்க முடியாது. குழு புறப்பட்ட மறுநாள் சீழ் பிடித்தால் யார் பார்ப்பது, அடுத்த வருகைவரை ஊர் காத்திருக்கப் பழகிவிட்டால் உள்ளூர் மருத்துவம் எப்போது வளரும் என்று கேட்பது மற்றொன்று.

பசிபிக் தீவுகளின் வரலாறு இரண்டாம் கருத்துக்குச் சாய்கிறது. 1875இல் ஃபிஜியில் தட்டம்மை பரவிச் சுமார் 40,000 பேர் மாண்டனர். 1879இல் இந்தியக் கூலிகளை முதன்முதலாக ஏற்றிவந்த லியோனிடாஸ் கப்பலில் பெரியம்மையும் காலராவும் இருந்தன. இந்த அச்சத்தின் பின்னணியில் 1880களின் நடுவில் சூவாவில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. தீவின் இளைஞர்களையே மருத்துவப் பணியாளர்களாக்கி ஊர்களுக்கு அனுப்பியது. 1928இல் அது பல தீவுகளுக்கான பொதுப்பள்ளியாக விரிந்தது. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர்கள் 1995 முதல் பசிபிக் தீவுத் திட்டத்தின்கீழ் குழுக்களை அனுப்பினார்கள். ஆனால் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஃபிஜியிலேயே அறுவை சிகிச்சைக்கான பட்டமேற்படிப்பு தொடங்கியதுதான் நிலையான மாற்றத்துக்கு வழிவிட்டது. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியே ஃபிஜிக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்களும் அந்த மருத்துவத்தின் நிழலில்தான் வாழ்கிறார்கள்.

'உள்ளூரில் பயிற்சி கொடு' என்பது இன்று எல்லாரும் ஏற்கும் வாசகம். எந்த மொழியில் என்ற கேள்வி மட்டும் அந்த வாசகத்துக்குள் அரிதாகவே நுழைகிறது. மானிப்பாய் முக்கியமாவது இங்கேதான்.

3. மானிப்பாய்: சான்றுகள்

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது 25. நோயாளியை ஈதரால் மயக்கி அறுவை செய்யலாம் என்பது பாஸ்டன் நகரில் பலரறியக் காட்டப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மேலை அறுவை மருத்துவம் தன் புதிய காலத்துக்குள் அடியெடுத்து வைத்த வேளையில் அதன் மாணவர் ஒருவர் பனைமரங்களுக்கு நடுவே வந்து இறங்கினார்.

அவர் வந்த இடம் மருத்துவம் அறியாத இடமல்ல. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்திலிருந்தே அங்கே வழங்கின. ஊருக்கு ஊர் பரியாரிமார் இருந்தனர். மேலை மருத்துவமும் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1819இல் இலங்கை வந்த ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்து, 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருக்குப் பின் நேதன் வார்டு வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். வார்டின் இடத்துக்கு வந்த கிறீன், 1848இல் மானிப்பாய்க்கு மாறி அங்கே மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் நடத்தத் தொடங்கினார். அதே 1848இல்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இருவரும் 1822இல் பிறந்தவர்கள். ஒருவர் மிஷன் கல்வியைக் கொண்டுவந்தார், மற்றவர் அதற்கு மாற்றை எழுப்பினார். இருவரும் அச்சுத் தமிழைக் கருவியாக எடுத்தது அக்காலத்தின் இயல்பைக் காட்டுகிறது.

கிறீனின் பணி இரண்டு கட்டங்களில் நடந்தது: 1847 முதல் 1857 வரை, பின் 1862 முதல் 1873 வரை. முதற்கட்டத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். இரண்டாம் கட்டத்தில், 1860களின் நடுவிலிருந்து, தமிழுக்கு மாறினார். அவரிடம் பயின்ற 62 பேரில் 33 பேர் தமிழ்வழி படித்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் கணக்கு. டான்போர்த், சாப்மன், பால் என்று அவருடைய மாணவர்களின் பெயர்கள் வருகின்றன. இவர்கள் தமிழர்கள். மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை இடும் வழக்கம் அன்று இருந்தது. மொழியைத் தமிழாக்கிய அதே அமைப்பு மாணவரின் பெயரை ஆங்கிலமாக்கியது என்ற முரணை மறைக்காமல் பதிவு செய்வது ஆய்வின் கடமை.

கற்பிக்கப் பாடநூல் வேண்டும். கல்வின் கட்டரின் உடலியல் நூல் 1852இல் தமிழில் வந்தது. பிரசவ வைத்தியம் 1857இல், ராபர்ட் டுரூயிட்டின் அறுவை மருத்துவக் கையேடு 'இரணவைத்தியம்' என்ற பெயரில் 1867இல், கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல், அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என வரிசை நீண்டது. மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல். அவற்றில் சில, மாணவர்கள் மொழிபெயர்த்து கிறீன் திருத்தியவை. நோயுற்று அமெரிக்கா திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும்வரை, அவர் இந்தப் பணியைக் கைவிடவில்லை. தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதே தன் கல்லறையில் இருக்க வேண்டிய அடையாளம் என்று விரும்பினார்.

4. தமிழில் ஏன்? மூன்று விளக்கங்கள்

இந்த வரலாறு மறந்து போகாமல் காத்ததில் ஈழத்துக் கவிஞர் அம்பிக்குப் பெரும் பங்குண்டு. 1967இல் அவர் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' முதலாக, கிறீனை அறிவியல் தமிழின் முன்னோடியாகக் காணும் பார்வை வலுப்பெற்றது. முதல் விளக்கம் இதுதான்: கிறீன் தமிழை நேசித்தார், தமிழால் முடியும் என்று நம்பினார். 4,000 பக்கங்கள் இதற்குச் சாட்சி.

இரண்டாவது விளக்கம் மிஷனின் கொள்கை மாற்றத்தைச் சுட்டுகிறது. 1855இல் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வியால் சமயப் பணிக்குப் பயனில்லை என்று கருதித் தாய்மொழிப் பள்ளிகளை வலியுறுத்தியது. 1823 முதல் நடந்துவந்த வட்டுக்கோட்டைச் செமினரி அந்த ஆண்டில் மூடப்பட்டது. கிறீன் தமிழுக்கு மாறியது இந்தக் காற்று வீசிய பிறகே. ஆக, அவர் முடிவைத் தமிழ்ப்பற்றாக மட்டும் படிப்பது முழுமையாகாது. நோய் தீர்ப்பது ஆன்மாவைச் சேரும் வழி என்று அவர் வெளிப்படையாக நம்பியதையும், அவருடைய வகுப்பு சமயம் பரப்பும் வகுப்பாகவும் இருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது விளக்கம் நடைமுறை சார்ந்தது. என் பார்வையில் வலுவானதும் அதுவே. ஆங்கிலம் படித்த மருத்துவ மாணவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்களோ தம் ஊரிலேயே தங்கி ஊராரை நம்பிப் பிழைப்பார்கள் என்பது கிறீனின் கணிப்பு. அது வெறும் ஊகமல்ல. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளையின் வாழ்நாள் பணி தமிழகத்தில் அமைந்தது. பழந்தமிழ்ப் பதிப்பு வரலாறு அதனால் பெற்ற பேறு பெரிது. ஆனால் ஆங்கிலக் கல்வி ஊரை விட்டு வெளியேறும் கதவாக இருந்தது என்பதற்கும் அதே வாழ்வு சான்று.

இந்த மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மிஷனின் கொள்கை வாய்ப்பைத் தந்தது. ஊரில் கண்ட அனுபவம் காரணத்தைத் தந்தது. பக்கம் பக்கமாக உழைக்க வைத்தது மொழியின்மேல் வந்த ஈடுபாடு. ஆனாலும் இன்றைய தீவு மருத்துவத்துக்குப் பாடமாகக்கூடியது மூன்றாவதுதான். பயிற்சி எந்த மொழியில் கொடுக்கப்படுகிறது என்பதே பயிற்சி பெற்றவர் எங்கே வாழ்வார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

5. சொல் தேடிய விதம்

கிறீன் கலைச்சொல் ஆக்கிய முறை ஒழுங்கானது. தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லையென்றால் வடமொழியை நாடுவது, அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதுவது. 'இரணம்' புண்ணுக்கு மக்கள் வழங்கிய சொல். 'ரணம்' என்று இன்றும் பேசுகிறோம். 'அங்காதிபாதம்' வடமொழிக் கட்டு. 'கெமிஸ்தம்' கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் ஈறு கொடுத்தது. மூன்று படிகளும் மூன்று நூல்தலைப்புகளில் தெரிகின்றன.

அறுவை மருத்துவத்துக்கு வழங்கும் பெயரை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரலாறு தெரியும். கிறீனுக்கு அது இரணவைத்தியம், புண்ணின் பக்கமிருந்து வைத்த பெயர். இன்று இலங்கைத் தமிழில் சத்திரசிகிச்சை, அதாவது கத்தியைக் குறிக்கும் சஸ்திரத்திலிருந்து வந்தது. தமிழகத்தில் அறுவை சிகிச்சை, செயலைச் சொல்லும் பெயர். பேச்சில் இரு கரையிலும் ஆபரேஷன். முதற்பெயர் நோயாளி உணர்வதைச் சொல்கிறது, மற்றவை மருத்துவர் செய்வதைச் சொல்கின்றன. மருத்துவம் கற்பவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த முதற்பெயர் சொல்லிக் கொடுக்கிறது.

அங்காதிபாதமும் சுகரணமும் இன்று வழக்கில் இல்லை. உடற்கூறியல், உடலியங்கியல் என்று வேறு சொற்கள் வந்துவிட்டன. அதனால் கிறீன் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. ஒரு துறையை மாணவருக்கு முன் நின்று நாள்தோறும் நடத்தியபடி உருவாக்கிய சொற்கள் அவை. நோயாளியின் உடலையும் மாணவரின் முகத்தையும் பார்த்துப் பிறந்தவை. கருத்தரங்க அறையில் பட்டியலாகப் பிறக்கும் சொல்லுக்கு அந்தச் சோதனை வாய்ப்பதில்லை.

6. முறிவு எங்கே நேர்ந்தது?

கிறீன் 1873இல் கப்பலேறினார். மாணவர்கள் ஊர்களில் மருத்துவம் பார்த்தனர். மருத்துவமனை நின்றது; கிறீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரோடு மானிப்பாயில் இன்றும் இருக்கிறது. தமிழ்வழி மருத்துவக் கல்வி மட்டும் தொடரவில்லை. 'தமிழால் முடியாது' என்று ஒரு தரப்பும் 'சதி செய்து அழித்தார்கள்' என்று ஒரு தரப்பும் சொல்லக்கூடும். சான்றுகள் வேறு இரண்டு காரணங்களைக் காட்டுகின்றன.

முதலாவது, அங்கீகாரம். 1870இல் கொழும்பில் அரசின் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் மொழி ஆங்கிலம். அரசு வேலை, சம்பளம், மதிப்பு எல்லாம் அந்த வாசல் வழியே இருந்தன. தமிழ்வழி படித்தவரை ஊரில் தங்கவைத்த காரணமே அவரை ஊருக்கு வெளியே செல்லாக்காசாக்கியது. ஒரு மருத்துவர் மகன் தானும் மருத்துவராக விரும்பினால் எந்தப் பள்ளிக்குப் போவான்? விடையை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, புதுப்பித்தல். 'இரணவைத்தியம்' வெளிவந்த அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க அறுவை முறை பற்றிய கட்டுரைகளை லான்செட் இதழில் வெளியிட்டார். கார்பாலிக் அமிலத்தால் காயத்தைக் காத்தால் சீழ் தவிர்க்கலாம் என்ற அந்தக் கண்டுபிடிப்பு, அதற்கு முந்தைய அறுவைப் பாடநூல்கள் எல்லாவற்றையும் பழையதாக்கிவிட்டது. அச்சுக்கூடத்திலிருந்து தமிழ்நூல் வெளிவந்த ஆண்டிலேயே அதன் மூலத்தின் அடித்தளம் பெயரத் தொடங்கியது. ஆங்கில நூல் அடுத்த பதிப்பில் தன்னைத் திருத்திக்கொள்ளும். 1858இல் வந்த கிரேயின் நூல் இன்று 40 பதிப்புகளைக் கடந்து நிற்கிறது. மனுஷ அங்காதிபாதத்துக்கு அப்படியொரு பதிப்பு வரிசை அமையவில்லை. திருத்த ஒரு குழு, அச்சிடப் பணம், வாங்கப் படிக்கும் வகுப்பு எல்லாம் ஒரு மனிதரின் உடல்நலத்தை ஒட்டியே இருந்தன.

ஆகவே என் முடிவு இது: கிறீன் கையையும் சொல்லையும் விட்டுச் சென்றார். அவற்றைத் தாங்கும் அமைப்பை விட்டுச் செல்ல அவரால் இயலவில்லை.

7. ஒப்பீடு: வேலூரும் மதுரையும்

அமைப்பு என்றால் என்ன என்பதைப் பார்க்க, சுங்குவார்சத்திரத்திலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே வேலூர்வரை போனால் போதும். பண்டத்தரிப்பு ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கியது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியானது. படித்து முடித்தவர்கள் குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிலைபெற்றது. கிறீன் மொழியால் சாதிக்க முயன்றதை, அதாவது படித்தவரை ஊரில் தங்கவைப்பதை, வேலூர் ஒப்பந்தத்தால் சாதித்தது. 1946இல் அங்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை வளர்த்தார். அவர் போன பிறகும் அந்தச் சிகிச்சை நிற்கவில்லை. அவரிடம் கற்றவர்கள் சம்பளத்தோடு, பதவியோடு, மாணவர்களோடு அங்கே இருந்தார்கள்.

மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு பாடம். கிராமத்தில் முகாம் நடத்தி நோயாளியைக் கண்டறிவதும், அறுவை சிகிச்சைக்கு அவரை மருத்துவமனைக்கே அழைத்து வருவதும் அதன் முறை. பள்ளிக்கூட வகுப்பறையில் கத்தி வைக்கும் பழைய முகாம்களின் தொற்று ஆபத்து இதனால் நீங்கியது. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண் மருத்துவப் பணியாளர்களானார்கள். இறக்குமதி லென்ஸ் விலை எட்டாததாக இருந்தபோது 1992இல் ஆரோலேப் என்ற தம் தயாரிப்புக்கூடம் மூலம் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை மதுரையிலேயே தயாரித்தார்கள். கருவிக்காக வெளியாரை எதிர்பார்க்கும் நிலை அத்தோடு மாறியது.

யாழ்ப்பாணத்தில் 1978இல் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அமைந்தது. பின் வந்த போர், வெளியார் வந்து போகும் மருத்துவத்தின் தேவையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் அறுவை மருத்துவர்கள் பருத்தித்துறை போன்ற இடங்களில் செய்த பணி காயப்பட்டவர்களுக்கு உயிர்நாடி. ஆனால் பாதை மூடும்போது வெளியார் வர முடியாது. ஊரில் இருந்தவர்கள்தான் கத்தி பிடித்தார்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். வெளிநாட்டிலிருந்து கற்பிக்கத் திரும்பிவந்த உடற்கூறியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மனுஷ அங்காதிபாதம் பிறந்த மண்ணில் அந்தப் பாடத்தைக் கற்பிக்கத் தங்கியவர் அவர்.

8. சுங்குவார்சத்திரத்திலிருந்து பார்த்தால்

வந்தவர் போனால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. கட்டடம் மௌனமானது. அங்கே வேலை பழகிய கைகள் மட்டும் இந்த வட்டாரத்தில் எஞ்சின.

கிறீனைப் பற்றி நாம் பெருமையோடு பேசும்போது, அந்நியர் ஒருவர் நம் மொழியைக் கற்றார் என்கிறோம். அவர் கற்றதன் காரணத்தை எடுத்துக்கொண்டால், இன்று நமக்கு ஒரு கடமை வருகிறது. மானிப்பாயில் மருத்துவர் வெளியார், நோயாளி ஊரார். சுங்குவார்சத்திரத்தில் மருத்துவர் ஊரார், நோயாளி வெளியார். நோயாளியின் மொழியில் மருத்துவம் என்பதுதான் கொள்கையென்றால், ஒடியாவில் 'எத்தனை மணிக்கு அடிபட்டது' என்று கேட்கக் கற்க வேண்டியவர்கள் நாம். மருத்துவக் கல்வியைத் தாய்மொழியில் நடத்துவது பற்றிய விவாதம், 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் இந்தியில் எம்.பி.பி.எஸ். பாடநூல்களை வெளியிட்டதிலிருந்து சூடு பிடித்திருக்கிறது. மொழியின் கௌரவம் பற்றியே அதில் பெரிதும் பேசுகிறோம். மானிப்பாய் வரலாறு இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கச் சொல்கிறது: அந்த நூலை அடுத்த பதிப்புக்குத் திருத்தப் போவது யார்? அதில் படித்தவருக்கு எந்தக் கதவு திறக்கும்?

பெரிய கல்லூரி அமையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பிரஸ் மெஷின் ஓடும் ஒவ்வொரு ஆலையிலும் ஷிப்டுக்கு ஒருவர், ரத்தம் வழியும் கையை உயர்த்திப் பிடித்து அழுத்திக் கட்டவும், அறுந்த விரலை ஈரத்துணியில் சுற்றி உறையிலிட்டுக் குளிரில் வைக்கவும், நேரத்தைக் குறித்து அனுப்பவும் தம் மொழியில் கற்றிருந்தால், ஸ்டான்லியின் திறமை சுங்குவார்சத்திரம்வரை நீண்டுவிடும். அவர் ஒப்பந்தம் முடிந்து ஒடிசாவுக்குத் திரும்பினால் அந்த அறிவும் கூடவே போகும். அடுத்து வருபவருக்கு மறுபடி கற்பிக்க ஓர் ஏற்பாடும், அதற்கென ஒருவர் பொறுப்பும் வேண்டும். கிறீனிடம் இல்லாமல் போனது இந்த மறுபடிதான்.

9. முடிவு

தொண்டு மருத்துவத்தை அது செய்த சிகிச்சைகளின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. கற்ற கை ஊரில் இருக்கிறதா, அந்தக் கைக்குப் புரியும் சொல் இருக்கிறதா, கருவி எட்டும் விலையில் கிடைக்கிறதா, இவற்றைப் புதுப்பிக்கவும் மதிக்கவும் ஓர் அமைப்பு இருக்கிறதா என்ற நான்கையும் கேட்க வேண்டும். மானிப்பாய் முதல் இரண்டைத் தந்தது. வேலூரும் மதுரையும் மற்ற இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காட்டின. சூவாவின் பள்ளி இதைத் தீவுகளுக்கே உரிய வழியில் நிறுவியது.

எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள சத்திரத்துக்கும் ஈழத்தவர் சொல்லும் சத்திரசிகிச்சைக்கும் ஒலி ஒன்று, வேர் வேறு. இது வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் கொடுத்த அறச்சாலை. தங்குபவர் நாள்தோறும் மாறினாலும், உலை வைக்க ஆளும் அரிசிக்கு மானியமும் எழுதி வைத்ததால்தான் சத்திரங்கள் நடந்தன. தொலைவிலிருந்து கத்தியோடு வருகிறவரின் அறத்துக்கும் அப்படியொரு மானியம் எழுதப்பட வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்கள்.